பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறீர்களா? வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கும், ஒன்று வாங்கிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரான, ஹெட்லைட் மேலெழும்பி நிற்கும் அந்த இரண்டு இருக்கை வண்டி. அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இந்த வண்டிப் பிரியர்கள் எந்த நாட்டிலிருந்தாலும் முதல் தலைமுறையை என்ஏ என்றும் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையை என்பி என்றும் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இந்தியாவில் மாஸ்டா இதை விற்றதே இல்லை. ஆகவே இதைப் படிப்பவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் லண்டன், டொரன்டோ பக்கம்தான் இருப்பீர்கள், அதாவது மழையும் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் உள்ள ஊர்கள். அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எடை சுமார் 950 கிலோ. என்ஜின் 1.6 லிட்டர், 1994 மாடலிலிருந்து 1.8 லிட்டரும் உண்டு. பானெட்டைத் திறந்தால் கை போக இடமிருக்கிறது, கம்ப்யூட்டர் மாட்டித்தான் எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் வேலை பழக இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது கஷ்டம் என்பதே என் கருத்து.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முப்பது வயது தாண்டிய இந்த வண்டியில் இரும்பு தேய்ந்து கெடுவதைவிட ரப்பர் இறுகிக் கெடுவதும், பிளாஸ்டிக் நொறுங்குவதும், போகக்கூடாத இடத்துக்குத் தண்ணீர் போவதும்தான் அதிகம். இதெல்லாம் மலிவான பாகங்கள். ஆனால் இவை காட்டும் அறிகுறிகள் பெரிய செலவு வந்துவிட்டது போலவே இருக்கும், அதனால்தான் பலரும் பயந்துபோய் கியர்பாக்ஸையே இறக்கிவிடுகிறார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் மிக மலிவான காரணத்தை முதலில் பாருங்கள், அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள். கண்டுபிடிக்காமல் பாகம் வாங்காதீர்கள்.

வண்டியைத் தூக்கும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பில் எந்தப் பாகத்தையும் நுழைக்கக் கூடாது. ஒரு ட்ராலி ஜாக்கி, ஒரே மாதிரியான ஆக்ஸில் ஸ்டாண்ட் நான்கு, டயருக்கு முட்டுக்கட்டை இரண்டு, இவை வாங்கிய பிறகே மற்ற சாமான்கள். தளம் சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தார்ச்சாலையில் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும், அங்கே வேலை செய்வதென்றால் கீழே தடித்த பலகை போடுங்கள்.

முன்பக்கம் தூக்க, என்ஜினுக்குக் கீழே குறுக்காகப் போகும் கிராஸ்மெம்பரின் நடுப்பகுதி. பின்பக்கம் தூக்க, பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் கூடு. ஸ்டாண்ட் வைப்பதற்குக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பகுதியின் (அதற்கு சில் என்று பெயர்) ஓரத்தில் இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும், அவற்றுக்கு இடையில் வையுங்கள். அந்த இடத்தில் துரு பிடித்திருந்தால் ஸ்டாண்ட் உள்ளே போய்விடும், ஆகவே முதல் தடவை தூக்கும் முன் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் சரி, மொத்தையாகக் கேட்டால் அங்கே வைக்காதீர்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து நடுவில் ஓடும் நீளமான அலுமினியச் சட்டத்தில் மட்டும் ஒருபோதும் ஜாக்கி வைக்காதீர்கள், பார்க்கத் தோதாகத் தெரியும், ஆனால் வளைந்துவிடும்.

ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வண்டியை இரு கையாலும் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். ஆடி விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

மற்றபடி 8 முதல் 21 எம்எம் வரை சாக்கெட் செட், ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு மல்டிமீட்டர், நல்ல கைவிளக்கு, துரு இளக்கும் ஸ்பிரே. வீல் நட்டுக்கு 21, ஸ்பார்க் பிளக்குக்கு 16 எம்எம். வீல் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும், கால் வைத்து மிதிக்க வேண்டாம்.

முதல் வேலை: தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது

என்ஜின் ஆயிலுக்கு முன்பே இதைச் சொல்கிறேன் என்று ஆச்சரியப்பட வேண்டாம். என்ஜின் கெட்டால் வேறு என்ஜின் போடலாம். சில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெல்டிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும், பிரிட்டனில் எம்ஓடி சோதனையில் இந்த வண்டிகள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துணிக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் பின்னோக்கி ஓடி, இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள வடிகுழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் தண்ணீர் சில்லுக்குள் போய்த் தேங்கும். உள்ளிருந்து துருப்பிடித்து வருவதால் பெயின்டில் கொப்புளம் தெரியும்போது பாதி இரும்பு போயிருக்கும்.

கூரையின் முன் கொக்கிகளைக் கழற்றிப் பாதி மட்டும் பின்னால் தள்ளுங்கள். சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் ரப்பர் வாய்க்காலின் மூலையில் துளை தெரியும். கையால் எடுக்க முடிந்த குப்பையை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் எட்டிப் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் கீழே கொட்டினால் குழாய் சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ அடைப்பு. புல்வெட்டும் மிஷினில் போடும் தடித்த நைலான் நரம்பை நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு மேலிருந்து விட்டுச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். கூரான கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிட்டால் அடைப்பை விட மோசம். அப்புறம் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தெளிவாக வரும்வரை தொடருங்கள். இலையுதிர்காலம் முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை செய்துவிட்டால் போதும்.

கையோடு கார்ப்பெட்டையும் டிக்கிப் பாயையும் தூக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். பேட்டரி டிக்கியின் வலது பக்கத்தில் இருக்கிறது. அது வாயு வெளியேற வழியுள்ள வகையாக இருக்க வேண்டும், அதன் சிறு குழாய்கள் வண்டிக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியை வைத்துவிட்டால் அமில ஆவி மூடிய டிக்கிக்குள் பரவி இரும்பைத் தின்னும். ஒரு ராத்திரி ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஓடும்போதும் 12 சொச்சமே நின்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள்.

என்பி வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அந்தத் தலைமுறையில் முன்பக்கச் சேஸிஸ் ரெயில் இரட்டைத் தகடாக இருப்பதால் இடையில் ஈரம் தங்கி அங்கேயும் துரு வரும். முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆயிலும், கசிவு என்று பயமுறுத்தும் அந்த ஓ-ரிங்கும்

5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 ஆயில், நான்கு லிட்டர் டின் ஒன்று போதும். என்ஜினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, 19 எம்எம் வடிபோல்ட்டைக் கழற்றி வடியவிடுங்கள். ஃபில்டர் வலது பக்கத்தில் இன்டேக் குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும், முதல் தடவை தேடத்தான் வேண்டும். கீழிருந்து கையை நீட்டினால் எட்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அது இருக்கும்போதே புதியதை மாட்டினால் ஆயில் பீறிட்டு அடிக்கும். வடிபோல்ட்டுக்குப் புது வாஷர். மூன்றரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துக் காத்திருந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, குறைவாக ஓட்டினாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து டிக் டிக்கென்று தட்டும் சத்தம் வந்து சூடானதும் நின்றுவிடுகிறதா? என்ஏவில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் உண்டு. ஆயில் பழசானாலோ அளவு குறைந்தாலோ அவை இப்படித் தட்டும். நல்ல ஆயில் மாற்றி நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், பல வண்டிகளில் இதிலேயே சத்தம் அடங்கிவிடும். சூடான பிறகும் விடாமல் தட்டினால்தான் மேற்கொண்டு கவலைப்பட வேண்டும்.

இப்போது அந்த ஓ-ரிங். வண்டியை நிறுத்திய இடத்தில், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஆயில் சொட்டு. மெக்கானிக்கிடம் காட்டினால் கிராங்க் பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்பார். இறக்காதீர்கள், முதலில் மேலே பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில், கேபினை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று உருளையாக ஒரு சாமான் செருகியிருக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங் காலப்போக்கில் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். அங்கே கசியும் ஆயில் ஹெட்டின் முதுகில் வழிந்து, கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் மேல் இறங்கிக் கீழே சொட்டும்போது, பார்ப்பவருக்குக் கிராங்க் சீல் கசிவாகவே தெரியும். சென்சாருக்குக் கீழே விரலை விட்டுத் தடவுங்கள். விரல் ஈரமானால் காரணம் அதுதான்.

சரி, மாற்றுவது எப்படி? என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சென்சார் உடலும் ஹெட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் முக்கியம், சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும், கோடு இல்லையென்றால் பழைய இடம் தெரியாது. ஒயர் இணைப்பைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு 12 எம்எம் போல்ட்டை எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் கைபேசியில் படமெடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சென்சாரை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்தபடி பின்னால் இழுத்தால் வந்துவிடும். பழைய வளையத்தைக் கூரில்லாத குச்சியால் நெம்பி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவிப் போட்டு, கோடு கோட்டோடு சேரும்படி மாட்டி இறுக்குங்கள். சென்சார் வெளியே இருக்கும்போது என்ஜினைச் சுற்றாதீர்கள்.

டைமிங் லைட் இருந்தால் சரிபார்த்துவிடலாம். பானெட்டுக்குள் இருக்கும் கறுப்பு டயக்னோசிஸ் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு துளைக்கும் எழுத்து இருக்கும். அதில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, என்ஜின் சூடாக ஐட்லிங்கில் ஓடும்போது பாருங்கள், இக்னிஷன் டைமிங் 10 டிகிரி முன்னதாக இருக்க வேண்டும், ஐட்லிங் நிமிடத்துக்கு 850 சுற்று அளவில். 1996க்கு முந்தைய வண்டிகளில் இதே இரண்டு துளையை இணைத்துச் சாவியை ஆன் செய்தால், என்ஜின் விளக்கு மின்னி மின்னிக் கோளாறு எண்ணையும் சொல்லும், என்ஜின் விளக்கே இல்லாமல் விற்கப்பட்ட நாட்டு வண்டி என்றால் அதற்குத் தனியாக ஒரு சிறு பல்பு இணைக்க வேண்டும்.

திக்கித் திக்கி ஓடினால்

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, அதிலும் மழை நாளில், என்ஜின் திக்கினால் காயில், இன்ஜெக்டர் என்று போகாமல் முதலில் பிளக் ஒயர்களைச் சந்தேகப்படுங்கள். இந்த வண்டியில் அவை சீக்கிரம் கெடுவது ஊரறிந்த விஷயம். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். நீலப் பொறி ஓடினாலோ ஓட்டம் தடுமாறினாலோ ஒயரை மாற்றுங்கள். அந்த நேரத்தில் ஒயரையும் காயிலையும் கையால் தொடக் கூடாது, சுழலும் பெல்ட் பக்கம் சட்டைக் கையும் போகக் கூடாது.

ஒயரைக் கழற்றும்போது அதன் ரப்பர் குழல் ஆயிலில் ஊறி வந்தால், மேல்மூடியின் கேஸ்கெட் கசிகிறது. கேஸ்கெட்டை மாற்றாமல் ஒயரை மட்டும் மாற்றினால் புது ஒயரும் ஊறிப்போகும். அந்த மூடியின் போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குபவை, இறுகியதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் அரைச்சுற்று என்று போனால் மரை உரிந்துவிடும். பிளக்குக்கு என்ஜிகே பிகேஆர்5ஈ-11 அல்லது பிகேஆர்6ஈ-11, இடைவெளி 1.1 எம்எம். என்ஜின் ஆறிய பிறகே கழற்றவும், கையாலேயே சுற்றி உட்கார வைத்துவிட்டு அப்புறம் ரெஞ்ச் போடவும்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது என்றால், காற்று மீட்டரிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர்க் குழாயைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதியைக் கையால் விரித்தால்தான் அடியிலுள்ள கீறல் தெரியும், சும்மா மேலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மீட்டர் அளக்காத காற்று அந்தக் கீறல் வழியே உள்ளே போனால் பெட்ரோல் கணக்கு தப்பிவிடுகிறது. 1.6 வண்டியில் ஆயில் மூடி சரியாக மூடாமல் இருந்தாலும், டிப்ஸ்டிக் முழுதாக இறங்காமல் இருந்தாலும்கூட இதே கோளாறு வரும், ஆகவே அவற்றையும் அழுத்திப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? 1.6இல் டயக்னோசிஸ் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி இரண்டையும் இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ரீங்காரம் கேட்டால் பம்பும் ஃபியூஸும் சரி, கோளாறு வேறிடம். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

ரேடியேட்டரின் நிறம்

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதாக ஆக மங்கிப் பச்சையோ பழுப்போ கலந்த நிறத்துக்கு வரும், அப்படியானால் வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். கசியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஒரு பாகத்தை மட்டும் கெடும் முன்பே மாற்றுங்கள், நெடுஞ்சாலையில் கூலன்ட் கொட்டி என்ஜின் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் வரை போகும். வண்டி கூலன்ட் சுமார் 6 லிட்டர் கொள்ளும். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்து, முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றுக் குமிழி போகும்வரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே மூடிவைத்து மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

கிளட்ச் கீழேயே போய்விட்டால்

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறது, கிளட்ச் பெடல் தளர்ந்திருக்கிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிறது. கேட்டவுடன் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் இல்லை. கியர்பாக்ஸின் வலது பக்கத்தில் வெளியே மாட்டியிருக்கும், பெடலின் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் சிறிய ஸ்லேவ் சிலிண்டரின் உள்ரப்பர் கசிகிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு குறைந்து, நிறம் கறுத்திருந்தால் சந்தேகம் பலமாகும். கீழே போய் ஸ்லேவின் ரப்பர் உறையை நகத்தால் நெம்பிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் விஷயம் முடிந்தது. இரண்டு போல்ட், ஒரு குழாய் இணைப்பு, அவ்வளவுதான். புதியதை மாட்டிய பிறகு டாட் 4 பிரேக் திரவம் ஊற்றி, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க இன்னொருவர் காற்றை வெளியேற்றும் திருகான ப்ளீடரைத் திறந்து மூடி, காற்று முழுதும் வெளியேறும்வரை செய்யுங்கள். பெடலுக்கு மேலே, உள்பக்கம், மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். அங்கும் ஈரமென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்தத் திரவம் பெயின்டை உரித்துவிடும், சிந்தினால் அந்தக் கணமே தண்ணீரால் கழுவுங்கள்.

பின்பக்க பிரேக், புதியவர்கள் தடுமாறும் இடம்

முன்பக்கப் பேட் மாற்றுவது மற்ற வண்டிகள் மாதிரிதான், பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளிப் புதியதைப் போடலாம். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பின்பக்கக் கேலிப்பருக்குள் ஹேண்ட் பிரேக் பொறியும் இருப்பதால் அழுத்தித் தள்ளினால் போகாது, பலவந்தம் செய்தால் கேலிப்பர் கெடும். அதற்கு வழி இது:

1. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுங்கள்.
2. கேலிப்பரின் பின்புறத்தில் மூடியாக இருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். உள்ளே 4 எம்எம் ஆலன் சாவி உட்காரும் திருகு இருக்கும்.
3. சாவியை இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். தேவையான இடம் கிடைத்ததும் பழைய பேடுகளை எடுத்துப் புதியவற்றைப் போடுங்கள்.
4. கேலிப்பர் நழுவும் பின்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக நகரவில்லையென்றால் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.
5. இப்போது சாவியை வலஞ்சுழியாக, பேட் டிஸ்க்கைப் பிடித்துச் சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை திருப்புங்கள். பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள்.
6. மூடி போல்ட்டைப் போட்டு, பெடலைப் பலமுறை மிதித்து, கெட்டியான பிறகே வண்டியை இறக்குங்கள்.

ஹேண்ட் பிரேக் மேலே வரை வந்தும் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்குகிறார்கள். கேபிளைத் தொடும் முன் இந்த ஐந்தாவது படியைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் அதுவே தீர்வு. பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டயர் காற்று 26 பிஎஸ்ஐ என்பது மாஸ்டா கொடுத்த அளவு. வண்டி லேசானது என்பதால் அப்படி, பெட்ரோல் பங்கில் மற்ற கார்களுக்குப் போல 32, 34 என்று ஏற்றினால் குலுக்கி எடுக்கும், ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும்.

சின்னச் சின்னதாகச் சில

கியர் ஆயில் மாற்றும்போது, வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு நிரப்ப முடியாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், சுமார் இரண்டு லிட்டர். குளிரில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டியின் சுபாவம், சூடாகும்வரை அவசரப்படுத்தாமல் போடுங்கள். கியர்க் கம்பைச் சுற்றிச் சூடான காற்றும் சத்தமும் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கும்.

ஹெட்லைட் எழவில்லையா, பானெட்டுக்குள் ஒவ்வொரு விளக்கின் மோட்டார் மேலும் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு, ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதைக் கையால் சுற்றினால் விளக்கு மேலே வரும், வீடு போய்ச் சேரலாம். கூரையின் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலை ஜிப்பைத் திறந்து படுக்க வைத்த பிறகே கூரையை மடியுங்கள், கடுங்குளிரில் மடிக்கவே வேண்டாம், விரிசல் விடும்.

கராஜுக்குக் கொடுக்க வேண்டியவை

டைமிங் பெல்ட் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. எப்போது மாற்றினார்கள் என்று காகிதம் இல்லாத வண்டியென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆறுதல், இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, நடுவழியில் நிற்பதோடு சரி. பெல்ட்டைக் கழற்றினால்தான் வாட்டர் பம்புக்கும் முன்பக்க சீல்களுக்கும் வழி கிடைக்கும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள்.

1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 என்ஜின்களில் இன்னொரு விஷயம் உண்டு. கிராங்க்கின் முன்நுனி குட்டையாக இருந்ததால், புல்லி போல்ட் சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் அங்கே புல்லி நழுவாமல் பூட்டி வைக்கும் சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, டைமிங் தளர்ந்து, வண்டி சக்தியிழக்கும். முன்னால் குனிந்து கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் குட்டை நுனி, எட்டு என்றால் பிற்பாடு வந்த நீளமான நுனி. நான்கு இருப்பதாலேயே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை, பல வண்டிகள் பிரச்சினையின்றி ஓடுகின்றன. என்ஜின் ஓடும்போது புல்லியை உற்றுப் பாருங்கள், நேராகச் சுற்றினால் நிம்மதி, தள்ளாடினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு இந்த வண்டியை அறிந்த கராஜில் காட்டுங்கள்.

பாகங்களுக்குக் கவலை வேண்டாம். மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறைக்கு மறுசீரமைப்புச் சேவை தொடங்கி, நின்றுபோயிருந்த சில பாகங்களை மீண்டும் தயாரிக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற குடும்பம் என்பதால் மற்றவர்கள் செய்யும் பாகங்களும் தாராளம். ஆனால் ஓ-ரிங், கேஸ்கெட், ஸ்லேவ் சிலிண்டர் மாதிரி ரப்பர் சம்பந்தப்பட்டவற்றில் மலிவுச் சரக்கு வேண்டாம், அதே வேலையை அடுத்த வருடமும் செய்ய நேரும்.

குளிர்காலத்தில் நிறுத்திவைப்பதென்றால் அடிப்பக்கத்தை உப்புப் போகக் கழுவிக் காயவிட்டு, கூரையை மூடிய நிலையில், ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டு வைத்து நிறுத்துங்கள். பேட்டரி சின்னது, இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்கிவிடும், ஆகவே மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். துணி உறையே போதும்.